பின்வாசல் படியும் ஒரு பேன் சீப்பும்

திரேசம்மாளின் தலை என் இரண்டு முழங்காலுக்கும் நடுவே இருந்தது. நான் மேல்படியில், அவள் கீழ்ப்படியில். என் மடியில் ஒரு வெள்ளைத் துணி. சீப்பிலிருந்து விழுகிற பேன் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அதை விரித்து வைத்திருப்பேன். எதிரே பள்ளிக்கூடத்துக் கிணறு, கிணற்றுக்கு அப்பால் ஒரு அயனி மரம். கடைசிப் பீரியட் ஆகையால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு கத்துகிற சத்தம் ஓய்ந்து போயிருந்தது.

அவள் முடி அடர்த்தியான முடி. கடற்கரைப் பிள்ளைகளின் முடியில் உப்புக்காற்றின் பிசுபிசுப்பு இருக்கும். எவ்வளவு தேங்காயெண்ணெய் வைத்தாலும் சீப்பு பாதியில் நிற்கும். நான் மெல்ல மெல்லச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். பிறகு கிணற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சாறே, எனக்கு அப்பா இனி வரமாட்டாருன்னு தோணுது. அம்மெகிட்ட சொல்லிராதீங்க."

நான் சீப்பை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பேச்சும் நின்றுவிடும் என்று அதற்குள் கற்றிருந்தேன். அந்த மட்டில் என் சாமர்த்தியம் சரி. அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் இந்த வாரப் பத்தியில் எழுத வேண்டும். பல வாரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன்.

தம்பி மகள் கேட்ட கேள்வி

என் தம்பி மகள் ஒரு பெரிய பள்ளியில் கவுன்சிலராக இருக்கிறாள். பிள்ளைகள் மனசு விட்டுப் பேசுவதற்கென்று தனி அறை, மெத்தை வைத்த நாற்காலி, சுவரில் மீன்தொட்டி. போன மாதம் வந்திருந்தபோது, "அத்தே, உங்க காலத்துல பிள்ளைகளோட மனசை எல்லாம் யாரு பார்த்தா?" என்று கேட்டாள்.

"மனசை யாரு பார்த்தா? நாங்க பேன் பார்த்தோம்" என்றேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டாள். கிண்டல் இல்லை.

நான் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் ஆசிரியையாகச் சேர்ந்தபோது மகாராஜா ஆட்சி போய்விட்டது. நாங்கள் தமிழ்நாட்டோடு இன்னும் சேரவில்லை. நடுவில் ஒரு காலம். குழித்துறையிலிருந்து கடல் பக்கம் போகிற சாலையில், ஆற்றை ஒட்டி, ஓடு வேய்ந்த நீளக் கட்டடம். மேட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளும், கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும், கடற்கரையிலிருந்து மணலில் நடந்து வருகிற பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் வாத்தியார் ஆணானாலும் பெண்ணானாலும் 'சாறு'தான். நான் தையல் சாறு. தலைமை ஆசிரியை பெரிய சாறு. அவர் வடக்கே மலையாளத்துக்காரர். தமிழைப் பாட்டு மாதிரி இழுத்துப் பேசுவார். கணவர் இறந்து, பிள்ளையும் இல்லாமல், பள்ளிக்கூடத்தையே வீடாக வைத்திருந்தவர். கோபம் வந்தால் மட்டும் முழு மலையாளம்.

ஒருநாள் இன்ஸ்பெக்டர் அம்மாள் பரிசோதனைக்கு வந்தார். அவர் கேள்வி கேட்க, முன்வரிசைப் பிள்ளை பதில் சொல்லாமல் இரண்டு கையாலும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றாள். குறிப்புப் புத்தகத்தில் அம்மாள் ஏதோ எழுதிவிட்டுப் போய்விட்டார். அன்று சாயங்காலமே பெரிய சாறு என்னைக் கூப்பிட்டு ஒரு பேன் சீப்பையும் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெய்க் குப்பியையும் கையில் கொடுத்தார். புதன்கிழமை தோறும் கடைசிப் பீரியட்டில் பேன் பார்ப்பது இனி என் வேலை.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. திருவனந்தபுரத்தில் இரண்டு வருஷம் தங்கி, பட்டுநூல் பூவேலை வரை படித்துவிட்டு வந்தவள் நான். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அழுதேன். அம்மா என்னைத் தேற்றவில்லை. வாசலிலேயே நிறுத்தி, முதலில் என் தலையைப் பார்த்தாள்.

முதுகு காட்டி உட்கார்ந்தால்

ஒரே சீப்பில் எல்லாத் தலையும் வாரப்படுகிறது என்று இரண்டு மூன்று பெரிய வீடுகளிலிருந்து புகார் வந்தது. பேன் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் போகும்போது யாரையும் கேட்டுக்கொண்டு போவதில்லை என்று பெரிய சாறு பதில் சொல்லி அனுப்பினார். அதோடு புகார் நின்றது.

நாலைந்து புதன்கிழமை கழிந்த பிறகுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். வகுப்பில் எதிரே நிறுத்தி, "ஏட்டி, உனக்கு என்ன செய்யுது?" என்று கேட்டால் தரையைப் பார்த்து நிற்கிற பிள்ளை, முதுகைக் காட்டிப் படியில் உட்கார்ந்தால் தானாகப் பேசுகிறது. நான் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. தலையில் விரல் ஓடுகிறது. அவ்வளவு போதும் போலிருக்கிறது.

கணக்கு சாறுக்குப் பயந்து கணக்குப் பீரியட் தோறும் வயிற்றுவலி வரவழைத்துக்கொண்ட ஒருத்தி அதை அங்கேதான் ஒத்துக்கொண்டாள். இன்னொருத்தி, சித்தி வந்த பிறகு தன்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்றாள். அன்றிலிருந்து வகுப்பில் அவள் பெயரை ஒருநாளைக்கு நாலுதடவையாவது கூப்பிடுவது என்று வைத்துக்கொண்டேன். ஊசி எடு, நூல் எடு, ஜன்னலைச் சாத்து என்று காரணமில்லாமல் கூப்பிடுவேன். அவள் ஓடி வருகிற வேகத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருக்கும்.

கொஞ்ச நாளில் தலையில் பேனே இல்லாத பிள்ளைகளும் வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள். நான் ஒன்றும் கேட்பதில்லை. எனக்குக் கொஞ்சம் கர்வமும் வந்துவிட்டது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஆளில்லாமல் ஒதுங்கிய மரம்

திரேசம்மாள் எட்டாம் வகுப்பு. அவள் அப்பா மிக்கேல், கூட ஒருத்தரோடு கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. நாலு நாள் கழித்து வெறும் மரம் மட்டும் தெற்கே வேறொரு கரையில் ஒதுங்கியது. போன இரண்டு ஆளையும் காணோம். அப்படியே மூன்று மாதம் ஆகிவிட்டது.

அவள் அம்மா கர்மேலி நம்பிக்கை விடவில்லை. முன்னொரு காலத்தில் அதே கரையில் ஒருவரைக் கப்பல்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்க் கொழும்பில் இறக்கிவிட்டார்களாம். ஆறு மாதம் கழித்து அவர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றாராம். அதனால் தினமும் மத்தியானம் புருஷனுக்கென்று ஒரு பங்கு கஞ்சி எடுத்து மூடி வைத்தாள். கரைக்காரர்களும் அவளுக்கு எதிராக ஒரு சொல் சொல்லவில்லை. கடலில் போனவனுக்காகக் கோயிலில் சாவுமணி அடிக்க வேண்டுமானால், பெண்டாட்டி தானே எழுந்து பங்குச் சாமியாரிடம் போய் அவன் ஆத்மாவுக்குப் பூசை கேட்க வேண்டும். அதுவரை செத்தான் என்கிற வார்த்தையை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. அது அந்தக் கரையின் வழக்கம். மேட்டுப் பக்கத்தில் பிறந்த எனக்கு அது தெரியாது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளை மெலிந்துகொண்டே போனாள் என்பதுதான். மத்தியானச் சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுபோனாள். தையலில் என் வகுப்பிலேயே நல்ல கை அவளுக்கு; இப்போது போட்ட தையலையே பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்படியிருக்கும்போதுதான் அந்தப் புதன்கிழமை அவள் வாய் திறந்தாள்.

அம்மாவிடம் சொல்லக்கூடாது என்றுதானே சொன்னாள், பெரிய சாறிடம் சொன்னால் என்ன என்று என் புத்தி கணக்குப் போட்டது. சாயங்காலமே போய்ச் சொன்னேன். பெரிய சாறு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பாவம் குட்டி" என்று மட்டும் சொன்னார். அவரும் துக்கம் தெரிந்தவர். நான் ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை, பிள்ளைகள் எல்லாரும் வரிசையில் நின்றிருக்க, பெரிய சாறு பிரார்த்தனை முடிந்ததும் கையை உயர்த்தினார். நம் திரேசம்மாளின் தகப்பனாரின் ஆத்மா சாந்தியடைய இரண்டு நிமிஷம் எல்லாரும் மௌனமாக நிற்போம் என்றார்.

இருநூறு பிள்ளைகள் தலை குனிந்தார்கள். திரேசம்மாள் மட்டும் குனியவில்லை. வரிசையைத் தாண்டி என்னைத் தேடிப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் இன்றைக்கும் எழுத்தில் கொண்டுவர முடியாது.

சாயங்காலம் கரைக்குப் போன சேதி

கடற்கரைப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் சேர்ந்துதான் வீட்டுக்கு நடப்பார்கள். அவர்கள் கொண்டுபோன சேதி கரையில் வேறு மாதிரி ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் என்றால் சர்க்கார். சர்க்காரிடம் பத்திரிகை வரும், தந்தி வரும். பெரிய சாறே எல்லாரையும் மௌனமாக நிற்கச் சொல்கிறார் என்றால் உடல் எங்கோ கிடைத்து, தந்தி வந்திருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் கர்மேலியின் குடிசைக்கு முன்னால் பெண்கள் கூடி மாரில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள்.

கர்மேலி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையாம். தந்தி எங்கே என்று கேட்டாளாம். தந்தி இல்லை. அப்படியானால் செத்துப் போனான் என்று சொன்னது யார் என்று கேட்டாளாம். பிள்ளைகளுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள்: திரேசு நேற்றுத் தையல் சாறிடம் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

அம்மாக்காரி மகளை அடிக்கவில்லை, திட்டவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டாள். மறுநாளிலிருந்து திரேசம்மாள் பள்ளிக்கூடம் வரவில்லை.

அடுத்த புதன்கிழமை நான் சீப்பும் துணியுமாகப் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பிள்ளை கூட வரவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தலை நிறையப் பேன் வைத்திருந்த இரண்டாம் வகுப்புக் குட்டியைக் கூட அவள் அக்காள் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. அவர்கள் செய்தது சரி என்று தெரிந்தது.

பெரிய சாறிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேசையில் தலை வைத்து அழுதுவிட்டார். தானே கரைக்குப் போய் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார். வேண்டாம், அவர் வந்தால் மறுபடி சர்க்கார் வந்ததாகத்தான் நினைப்பார்கள் என்று தடுத்துவிட்டு, சனிக்கிழமை காலை நான் தனியாகப் போனேன்.

கர்மேலியின் தலை

மணலில் செருப்போடு நடக்க வரவில்லை. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒருத்தரும் வா என்று சொல்லவில்லை. வெயிலில் மீன் காய்கிற வாடை. எனக்கு அது அன்றைக்குப் பழக்கமில்லை. முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோய், சட்டென்று இறக்கிவிட்டேன்.

கர்மேலி குடிசை வாசலில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் நினைத்ததை விடச் சின்ன வயசு. தலைமுடி ஒரே முடிச்சாக, எத்தனையோ நாள் சீப்புப் படாமல் கிடந்தது. திரேசம்மாள் தண்ணீருக்குப் போயிருந்தாள்.

"உங்க பள்ளிக்கூடத்துக்குக் கம்பி வந்துதா?" என்று கேட்டாள். தந்தியை அங்கே கம்பி என்பார்கள்.

இல்லை என்றேன். வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டு வந்த மன்னிப்பு ஒன்றும் வாயில் வரவில்லை. வந்தது ஒரு பொய்தான்.

"பிள்ளை ஒண்ணும் சொல்லல்ல. நானாட்டு நினைச்சுப் போய்ப் பெரிய சாறிட்ட சொல்லிட்டேன். தப்பு என்மேலதான்."

அவள் முதல் தடவையாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். "அவ சொல்லல்லியா?" என்றாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவள் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. மறுபடி கடலைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் தலையைச் சொறிந்தாள்.

பழக்க தோஷம், சீப்பு என் பையில் இருந்தது. தலையைக் காட்டச் சொல்லிவிட்டு அவளுக்குப் பின்னால் மணலில் முட்டிக்கால் போட்டேன். வேண்டாம் என்றாள், பிறகு தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். அந்த முடிச்சைப் பிரிக்கவே ரொம்ப நேரம் ஆனது. எதிரே அலை வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

"எனக்கும் தோணுது சாறே" என்றாள். குரல் பிள்ளையின் குரல் மாதிரியே இருந்தது. "மரம் ஒதுங்குன அண்ணைக்கே தோணிச்சு. ஆனா அவ அப்பன் வருவான்னு நம்பி இரிக்கா. நான் போய்ப் பூசை கேட்டா அவ உடைஞ்சு போயிருவா. அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

என் கை நின்றுவிட்டது. அந்த ஒரே தடவைதான் சீப்பை நான் நடுவில் நிறுத்தியது. மகளுக்காக நான் சொன்ன பொய்யே, அவள் இன்னும் நம்புகிறாள் என்று நினைக்க வைத்து, இவளை இன்னும் இறுக்கிக் கட்டிவிட்டது. அம்மாவுக்காக மகள் மறைக்கிறாள். மகளுக்காக அம்மா மறைக்கிறாள். இரண்டு பேரும் ஒரே குடிசையில், ஒரே கஞ்சிக் கலயத்தை மூடி வைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

அப்போது திரேசம்மாள் குடத்தோடு வந்தாள். என்னைக் கண்டதும் நின்றுவிட்டாள். அம்மாவின் தலை என் கையில் இருப்பதைப் பார்த்தாள்.

என் வாயில் வார்த்தை வந்து நின்றது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், எல்லாம் தீர்ந்துவிடும் என்று தோன்றியது. ஆனால் போன தடவையும் எனக்கு அப்படித்தான் தோன்றியது. நல்லது என்று நினைத்துத்தான் ஒருத்தி சொன்னதை இன்னொருத்தியிடம் கொண்டுபோனேன். நான் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு, அவர்கள் சொல்லிக்கொள்வது வேறு.

சீப்பைத் துடைத்துக் கர்மேலியின் கையில் வைத்தேன். "அவ தலையில ஈரு நிறைய இருக்கு. என்னால பார்த்து முடியல்ல. நீங்கதான் பார்க்கணும். வெளிச்சத்துல கடலைப் பார்க்க உட்கார வச்சு, மெதுவாப் பாருங்க" என்றேன்.

அதுவும் முக்கால்வாசிப் பொய்தான். செருப்பை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

புதன்கிழமை

திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. பெரிய சாறு ஒவ்வொரு நாளும் மணி அடிக்கும்போது வராந்தாவில் வந்து சாலையைப் பார்த்துவிட்டுப் போவார். என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார். நான் இன்னொரு முட்டாள்தனம் செய்துவிட்டேனோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லியிருக்கலாமோ, ஒரே ஒரு வாக்கியம்தானே என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மனசு அரித்தது.

புதன்கிழமை கடைசிப் பீரியட்டில் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தேன். சீப்பு இல்லை. மடியில் வெள்ளைத் துணியை மட்டும் விரித்து வைத்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. பிள்ளைகள் ஜன்னலுக்குப் பின்னால் நின்றார்கள்.

கிணற்றைச் சுற்றிக்கொண்டு திரேசம்மாள் வந்தாள். முழுநாளும் பள்ளிக்கு வராதவள், அந்த நேரத்துக்கு என்று நடந்து வந்திருக்கிறாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. தலை எண்ணெய் வைத்து, வகிடெடுத்து, இரட்டைப் பின்னலாகப் படியப் பின்னியிருந்தது. பழைய பத்திரிகைத் தாளில் சுற்றியிருந்த சீப்பை என்னிடம் நீட்டினாள்.

"ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் பூசை. அம்மெ சாமியார்ட்ட போய்க் கேட்டாச்சு. நானும் கூடப் போனேன். சாறும் பெரிய சாறும் வரணும்னு சொன்னா."

வருகிறோம் என்றேன். யார் முதலில் சொன்னது, எப்படிச் சொன்னாள் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அது அவர்கள் இரண்டு பேருக்கும் உள்ளது.

அவள் போகாமல் நின்றாள். பிறகு என் கால்மாட்டில், கீழ்ப்படியில், முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அம்மா அவ்வளவு அழகாகப் போட்டுவிட்ட பின்னலைத் தானே அவிழ்த்தாள்.

"பேன் ஒண்ணும் இல்ல சாறே" என்றாள். "சும்மா பாருங்க."

மணி அடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.